"மூலிகைதானே என்று சாப்பிட்டேன், இப்போது பயமாக இருக்கிறது"

காவிரிக் கரை ஊர் ஒன்றிலிருந்து 52 வயது வாசகி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டதால், அடையாளம் தெரியக்கூடியவற்றை மாற்றிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

இரண்டரை வருடத்துக்கு முன்பு இடது மார்பில் புற்றுநோய், ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைப் பிடித்துக்கொண்டு வளரும் வகை. அறுவை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து இப்போது நோய் திரும்பாமல் தடுக்கத் தினமும் டமாக்ஸிஃபென் மாத்திரை, 20 மில்லிகிராம். கீமோ தொடங்கியதும் நின்ற மாதவிலக்கு பிறகு வரவில்லை. அன்றிலிருந்து திடீர் திடீரென்று உடம்பில் சூடு ஏறுகிறது, ராத்திரியில் நைட்டி பிழியும் அளவு வியர்வை, தூக்கம் போச்சு. புற்றுநோய் டாக்டரிடம் சொன்னால் "இந்த மாத்திரைக்கு அப்படித்தான், பழகிவிடும்" என்று முடித்துவிட்டாராம். அப்புறம் நாத்தனார் ஒரு லேகியம் வாங்கிக் கொடுத்தார், வெளிநாட்டில் இருக்கும் மகள் சோயாவிலிருந்து பிரித்தெடுத்த ஐசோஃப்ளேவோன் கேப்ஸ்யூல் அனுப்பினாள். இரண்டையும் ஐந்து மாதமாகச் சாப்பிட்டதில் சூடு பாதியாகக் குறைந்தது. அந்தத் தெம்பில் டமாக்ஸிஃபெனை ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆக்கிவிட்டார். இதற்கிடையில் யாரோ "சோயாவில் பெண் ஹார்மோன் இருக்கிறது, கேன்சர் திரும்பிவிடும்" என்று சொல்ல, மீல்மேக்கர், வெந்தயக் களி, எள்ளுருண்டை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். லேகியத்தையும் கேப்ஸ்யூலையும் மட்டும் நிறுத்தவில்லை. அவை மருந்தில்லையே, இயற்கைதானே என்கிறார்.

சோயாவும் வெந்தயமும் சாப்பிடலாமா, லேகியத்தைத் தொடரலாமா, மஞ்சளும் மிளகும் சேர்ந்த கேப்ஸ்யூலும் எடுத்தால் கேன்சர் திரும்பாதாமே, இதையெல்லாம் டாக்டரிடம் சொன்னால் திட்டுவாரே என்ன செய்வது. இவை அவருடைய கேள்விகள். கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒரு பின்குறிப்பு: "போன வாரம் இரண்டு நாள் லேசாகப் பழுப்பாகப் பட்டது. லேகியம் கர்ப்பப்பையைச் சுத்தம் பண்ணுகிறது, நல்லதுதான் என்று நாத்தனார் சொன்னார்."

சகோதரி, நான்கு கேள்விக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் ஓரத்தில் எழுதியதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில் அந்தப் பின்குறிப்பு

மாதவிலக்கு நின்று ஒரு வருடம் தாண்டிய பிறகு ரத்தம் பட்டால், அது ஒரு சொட்டானாலும், பழுப்புக் கறையானாலும், வலியே இல்லாவிட்டாலும், கர்ப்பப்பையைப் பரிசோதித்தே ஆக வேண்டும். டமாக்ஸிஃபென் சாப்பிடுகிறவர் என்றால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. கர்ப்பப்பைக்கு அழுக்கு சேர்வதும் இல்லை, லேகியம் அதைக் கழுவி வெளியேற்றுவதும் இல்லை. உட்சுவர் எதனாலோ தடித்திருக்கலாம், சதைத் திரட்சியாகப் பாலிப் வளர்ந்திருக்கலாம், வறட்சியால் மெலிந்து கசிந்திருக்கலாம், கீமோவில் உறங்கிப்போன சினைப்பை மறுபடி விழித்திருக்கவும் கூடும். பெரும்பாலும் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். ஆனால் உட்சுவர்ப் புற்றுநோயும் இதே மாதிரி, வலியில்லாத கறையாகத்தான் தொடங்கும்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, கணக்கையும் சொல்கிறேன். மார்பகப் புற்றுநோய் வராமல் தடுக்க டமாக்ஸிஃபென் கொடுத்துப் பார்த்த பெரிய அமெரிக்க ஆய்வில், மாத்திரை சாப்பிட்ட 1000 பெண்களில் வருடத்துக்கு இரண்டு பேருக்குச் சற்று மேல் இந்தப் புற்றுநோய் வந்தது, சாப்பிடாதவர்களில் ஒருவருக்கும் சற்றுக் குறைவு. ரத்தம் பட்ட உடனே வந்து காட்டியவர்களுக்குப் பெரும்பாலும் ஆரம்ப நிலையிலேயே பிடித்துவிடவும் முடிகிறது.

பெண்கள் நல மருத்துவர் முதலில் உள்வழி ஸ்கேன் எடுப்பார். டமாக்ஸிஃபென் சாப்பிடுகிறவர்களுக்கு ஸ்கேனில் உட்சுவர் தடிமனாகத் தெரிவது சகஜம், ஆகவே தடிமன் எத்தனை மில்லிமீட்டர் என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது, திசு எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். பேப்பர் ஸ்ட்ராவைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் குழாயை உள்ளே விட்டு உறிஞ்சி எடுப்பார்கள், பல இடங்களில் ஓபி-யிலேயே முடிந்துவிடும். மாதவிலக்கு வலி போல ஓரிரு நிமிடம் அடிவயிற்றைப் பிடிக்கும், ஒரு மணி நேரத்தில் வீட்டுக்குப் போய்விடலாம். வேண்டாம் என்று ஒதுங்கிவிடாதீர்கள்.

மாத்திரையில் கை வைத்தது

இதைக் கடிதத்தில் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். எனக்குத் தூக்கம் கெட்டது இந்த வரியால்தான். ஐந்து வருடம் டமாக்ஸிஃபென் சாப்பிடுவது, உங்கள் வகைப் புற்றுநோயில், அடுத்த 15 வருடங்களில் அந்த நோயால் ஏற்படும் இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது. அறுவை, கீமோ, கதிர்வீச்சு என்று அவ்வளவு பட்டபிறகு கையில் இருக்கும் பெரிய காவல் இந்தச் சின்ன மாத்திரை. குறைந்த அளவு போதும் என்று எங்கேயாவது படித்திருந்தால், அது பால் குழாய்க்குள்ளேயே அடங்கிய ஆரம்பநிலை மாற்றங்களுக்காகச் செய்த ஆய்வாக இருக்கும். கீமோ தேவைப்பட்ட புற்றுநோய்க்கு அது பொருந்தாது.

டாக்டர் எழுதியபடி தினமும் ஒன்று என்பதற்குத் திரும்புங்கள், விட்டுப்போன நாளுக்குச் சேர்த்து இரண்டு போட வேண்டாம். நாளையே அவருக்குப் போன் செய்து, ரத்தம் பட்டதையும் சொல்லி, மாத்திரையை இப்படியே தொடரலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

செடிக்குள் பெண் ஹார்மோன் இருக்கிறதா?

1940-களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒருவகை குளோவர் புல்வெளியில் மேய்ந்த ஆடுகள் சினைப்பிடிக்காமல் போயின. அந்தப் புல்லில் இருந்த ஒரு பொருள் ஆட்டின் வயிற்றில் ஈக்வால் என்ற இன்னொரு பொருளாக மாறி, ஈஸ்ட்ரோஜன் செய்யும் வேலையைச் செய்திருந்தது. செடியிலிருந்து வருவது உடம்பின் ஹார்மோன் கணக்கைக் குலைக்கும் என்பதை ஒரு நாடே கண்ணால் பார்த்த சம்பவம் அது. ஆகவே "மூலிகைதானே, ஒன்றும் செய்யாது" என்பது தப்பு. அதே சமயம் "சோயா சாப்பிட்டால் ஹார்மோன் ஊசி போட்ட மாதிரி" என்பதும் தப்பு.

உடம்பின் செல்களுக்குள் ஈஸ்ட்ரோஜன் வந்து உட்காரும் இடங்கள் உண்டு, ஏற்பிகள் என்போம். அவை இரண்டு வகை என்பதே 1996-இல்தான் தெரிய வந்தது. சோயாவின் ஐசோஃப்ளேவோன்கள், அதாவது ஜெனிஸ்டீன் போன்ற பொருள்கள், உருவத்தில் ஈஸ்ட்ரோஜனை ஒத்திருப்பதால் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன, அதிலும் இரண்டாவது வகையில்தான் அதிகம் ஒட்டுகின்றன. ஈஸ்ட்ரோஜனைவிடப் பலமடங்கு பலவீனமானவை. ஆனால் உட்கார்ந்த பிறகு எந்த உறுப்பில் என்ன செய்யும் என்பது உறுப்புக்கு உறுப்பு மாறும். நீங்கள் சாப்பிடும் டமாக்ஸிஃபெனே இதற்கு நல்ல உதாரணம். மார்பில் அந்த இடத்தை அடைத்துக்கொண்டு ஈஸ்ட்ரோஜனை உள்ளே விடாது, கர்ப்பப்பையில் போய் ஈஸ்ட்ரோஜன் மாதிரியே நடந்துகொள்ளும். ஒரே மாத்திரை, ஒரே பெண், இரண்டு இடத்தில் இரண்டு குணம். என்னென்ன இருக்கிறது என்றே தெரியாத ஒரு லேகியம் உங்கள் மார்பில் என்ன செய்யும், கர்ப்பப்பையில் என்ன செய்யும் என்று நாத்தனாரும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது.

ஆளுக்கு ஆளும் மாறும். சோயாவை ஈக்வாலாக மாற்றும் குடல் கிருமிகள் எல்லோருக்கும் இல்லை. மேற்கத்தியர்களில் நாலில் ஒருவருக்கு, ஜப்பானியர்களில் பாதிப் பேருக்கு என்ற அளவில்தான் உண்டு. பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்டது உங்களுக்கும் கேட்கும் என்று இருக்க முடியாது.

வெந்தயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் டையோஸ்ஜெனின் என்ற பொருள் இருக்கிறது, அதிலிருந்துதான் ஹார்மோன் செய்கிறார்கள் என்று நீங்கள் கேள்விப்பட்டது பாதி உண்மை. 1940-களில் ரஸ்ஸல் மார்க்கர் என்ற அமெரிக்க வேதியியலாளர் மெக்ஸிகோவின் காட்டுக் கிழங்கிலிருந்து டையோஸ்ஜெனின் எடுத்து, ஆய்வகத்தில் பல கட்டமாக மாற்றிப் புரோஜெஸ்ட்ரோன் தயாரித்தார். பின்னால் வந்த கருத்தடை மாத்திரைகளுக்கு வழி திறந்தது அதுதான். ஆனால் அந்த வேலையைச் செய்யும் வசதி மனித உடம்புக்கு இல்லை, வயிற்றுக்குள் போன டையோஸ்ஜெனின் ஹார்மோனாக மாறாது. வெந்தயக் களியைத் தாராளமாகச் சாப்பிடுங்கள்.

சாப்பாடு வேறு, கேப்ஸ்யூல் வேறு

மீல்மேக்கர் குழம்பு, டோஃபு, சோயா பால், எள், ஆளி விதை, உளுந்து, இவை எல்லாம் சாப்பாடு. சீனாவில் ஷாங்காய் நகரில் மார்பகப் புற்றுநோய் வந்த ஐயாயிரத்துச் சொச்சம் பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2009-இல் வெளியிட்டார்கள். சோயா உணவு அதிகம் சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்புவதும் இறப்பும் கூடவில்லை, குறைந்தே இருந்தன, டமாக்ஸிஃபென் சாப்பிட்டவர்களிலும் அப்படித்தான். வாரத்தில் இரண்டு மூன்று நாள் மீல்மேக்கர் சமைக்க எந்தத் தடையும் இல்லை. பயந்து நிறுத்தியதில் உங்களுக்குப் புரதம்தான் குறைந்திருக்கும்.

கேப்ஸ்யூலின் கதை வேறு. ஒரு கப் சோயா பாலில் சுமார் 25 மில்லிகிராம் ஐசோஃப்ளேவோன் இருக்கும், அதோடு புரதமும் மற்ற சத்துகளும் சேர்ந்து வரும். நீங்கள் போடுவது 40 மில்லிகிராம் கேப்ஸ்யூல் இரண்டு. பிரித்தெடுத்து அடர்த்தியாக்கியது, அதுவும் தினமும், ஒருநாளும் விடாமல். மார்பகப் புற்றுநோய் செல்களை வைத்து எலிகளிடம் செய்த சோதனையில் ஜெனிஸ்டீன் டமாக்ஸிஃபெனின் வேலையைக் கெடுத்தது. எலி மனுஷி ஆகாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இத்தாலியில் மாதவிலக்கு நின்ற பெண்களுக்குத் தினமும் 150 மில்லிகிராம் சோயா ஐசோஃப்ளேவோனை ஐந்து வருடம் கொடுத்துப் பார்த்ததில், நூற்றில் மூன்று பேருக்குச் சற்று மேல் கர்ப்பப்பை உட்சுவர் அளவுக்கு மீறித் தடித்தது, மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் ஒருவருக்கும் இல்லை. உங்கள் அளவு அதைவிடக் குறைவு, காலமும் ஐந்து மாதம்தான். அதனால்தான் ரத்தம் பட்டது என்று நான் சொல்லவில்லை. ஏற்கெனவே டமாக்ஸிஃபென் வேலை செய்துகொண்டிருக்கும் அதே உட்சுவரில் இன்னொன்றையும் ஏற்ற வேண்டாம் என்கிறேன். கேப்ஸ்யூலை இன்றோடு நிறுத்துங்கள். மகளிடம் கோபம் வேண்டாம், அம்மா தூங்கட்டும் என்றுதான் அனுப்பியிருக்கிறாள்.

மஞ்சள்–மிளகு கேப்ஸ்யூலுக்கும் இதே பதில்தான். 2019-இல் நெதர்லாந்தில் டமாக்ஸிஃபென் சாப்பிடும் பெண்களுக்கு மஞ்சளின் குர்குமினை மாத்திரையாகக் கொடுத்தபோது, ரத்தத்தில் டமாக்ஸிஃபெனின் வேலை செய்யும் வடிவம் குறைந்தது. மிளகின் பைப்பரினும் சேர்ந்தபோது இன்னும் குறைந்தது. அவர்கள் கொடுத்தது நாளைக்கு மூன்றரை கிராமுக்கு மேல். ரசத்துக்குப் போடும் அரை ஸ்பூன் மஞ்சள்தூளும் நாலு மிளகும் எங்கே, அது எங்கே. சமையல் மஞ்சளில் குறை சொல்ல ஒன்றுமில்லை, கேப்ஸ்யூல் வாங்காதீர்கள்.

லேகிய டப்பாவின் லேபிள்

லேபிளில் இருப்பதை அப்படியே எழுதி அனுப்பினீர்களே, அதற்கு நன்றி. தண்ணீர்விட்டான் கிழங்கு, அதிமதுரம், அசோகப் பட்டை, "மற்றும் அரிய மூலிகைகள்". அந்தக் கடைசி இரண்டு சொல்லில்தான் என் கண் நின்றது. ஆயுர்வேத, சித்த மருந்தைத் தயாரித்து விற்கிறவர் அதில் சேரும் ஒவ்வொன்றையும் அளவோடு லேபிளில் போட வேண்டும் என்பது சட்டம், உரிம எண்ணும் தயாரிப்பு எண்ணும் தேதியும் இருக்க வேண்டும். உங்கள் டப்பாவில் இவை எதுவும் இல்லை. கூட வந்த நோட்டீஸில் "கர்ப்பப்பைக் கோளாறுகள் அனைத்தும் தீரும், கட்டி கரையும், கேன்சர் அண்டாது" என்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கேன்சரும் கர்ப்பப்பை நோய்களும் குணமாகும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதே 1954-ஆம் வருடச் சட்டத்தின்படி குற்றம்.

தண்ணீர்விட்டான் கிழங்கைப் பால் சுரக்கவும் மாதவிலக்குக் கோளாறுக்கும் நம் வைத்தியத்தில் நெடுங்காலமாகக் கொடுக்கிறார்கள். எலிகளிடம் செய்த சோதனையில் அது மார்பிலும் கர்ப்பப்பையிலும் ஈஸ்ட்ரோஜன் போன்ற மாற்றங்களைக் காட்டியிருக்கிறது. பிள்ளை பெற்றவளுக்கு நல்லது என்பதற்குக் காரணமாக இருக்கும் அதே குணம், ஈஸ்ட்ரோஜனால் வளரும் புற்றுநோய் வந்தவருக்கு வேண்டாத குணமாகிவிடும். அசோகப் பட்டையில் இன்னொரு சிக்கல். நம் தெருக்களில் அசோக மரம் என்று எல்லோரும் சொல்லும் நெட்டையான மரம் அசோகமே இல்லை, அது நெட்டிலிங்கம். அதன் பட்டையை அசோகப் பட்டையோடு கலப்பது எல்லோருக்கும் தெரிந்த பழைய கலப்படம். உங்கள் டப்பாவுக்குள் எது இருக்கிறதோ.

அதிமதுரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடிதத்தின் நடுவில் "பிரஷர் எப்பவும் 120, இப்போது 150-க்கு 94 இருக்கிறது, சாயங்காலமானால் இரண்டு கணுக்காலும் வீங்குகிறது, வயசாகிறது இல்லையா" என்று ஒரு வரி வருகிறது. அதிமதுரம் நாள்பட உள்ளே போனால் உடம்பில் உப்பும் நீரும் தங்கும், பொட்டாசியம் இறங்கும், ரத்த அழுத்தம் ஏறும். இருமலுக்கு இரண்டு நாள் வாயில் அடக்கிக்கொள்வது வேறு, ஐந்து மாதம் தினமும் இரண்டு வேளை என்பது வேறு. வயசு என்று விட்டுவிடாமல், ரத்தத்தில் பொட்டாசியமும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு கால் மட்டும் வீங்கி, ஆடுசதையில் வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, அது அதிமதுரக் கணக்கு இல்லை. டமாக்ஸிஃபென் ரத்தக் கட்டியை உண்டாக்கக்கூடியது, அப்போது நாளைக்கு என்று நினைக்காமல் அந்த நிமிஷமே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

லேகியத்தையும் நிறுத்துங்கள். சித்த மருத்துவத்தில் உங்களுக்கு நம்பிக்கை இருந்தால் அதை நான் தடுக்கவில்லை. பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம், தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கே கூடப் போய், "எனக்கு இந்த வகைப் புற்றுநோய், இந்த மாத்திரை சாப்பிடுகிறேன்" என்று எல்லாக் காகிதத்தையும் வைத்துக் கேட்பது ஒரு வழி. உங்கள் நோயைப் பற்றி எதுவும் கேட்காத கடையில் டப்பா வாங்குவதும் அதுவும் ஒன்றாகாது.

சரி, சூட்டுக்கு என்னதான் செய்வது?

லேகியத்தில் சூடு குறைந்தது பொய் என்று சொல்ல மாட்டேன், நீங்கள் உணர்ந்தது உண்மை. ஆனால் இந்தச் சூட்டுக்கு ஒரு வினோதம் உண்டு. செடி ஈஸ்ட்ரோஜன்களைச் சோதித்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் சில ஆய்வுகளில் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. நாளாக நாளாகத் தானாகவும் தணியும். அதன்பின் மாத்திரையை நீங்கள் பாதியாக்கியதும் சூடு குறைந்தே இருக்க ஒரு காரணமாக இருக்கலாம்.

"பழகிவிடும்" என்பது பதிலே இல்லை, அதை நான் உங்கள் பக்கம் நின்றே சொல்கிறேன். ஹார்மோன் இல்லாத மருந்துகள் இருக்கின்றன. வென்லாஃபாக்ஸின் மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மருந்துதான், ஆனால் சூட்டைக் குறைக்கச் சின்ன அளவில் கொடுப்பார்கள், சீட்டில் அந்தப் பெயரைப் பார்த்து "எனக்கு மனநோயா" என்று கலங்க வேண்டாம். ராத்திரித் தூக்கம்தான் பெரிய பிரச்சினை என்றால் காபாபென்டின் உதவும், ஆக்ஸிபியூட்டினின் இன்னொன்று. இவை எல்லாம் டாக்டர் எழுதித்தான் எடுக்க வேண்டும். பராக்ஸெடின், ஃப்ளுவாக்ஸெடின் என்ற மனச்சோர்வு மருந்துகள் இரண்டும், கல்லீரல் டமாக்ஸிஃபெனை வேலை செய்யும் வடிவத்துக்கு மாற்றுவதைத் தடுப்பவை, வேறு டாக்டர் யாராவது எழுதினால் டமாக்ஸிஃபென் சாப்பிடுவதை முதலில் சொல்லுங்கள். சூடு ஏறும்போது பதறாமல் கடக்கப் பழக்கும் மனநலப் பயிற்சிக்கும் நல்ல பலன் இருக்கிறது. ஹார்மோன் மாத்திரை மட்டும் கேட்காதீர்கள், மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த ஸ்வீடன் ஆய்வு ஒன்றை, நோய் திரும்புவது கூடியதால் 2003-இல் பாதியில் நிறுத்தினார்கள்.

திசுப் பரிசோதனையில் என்ன வருகிறது என்பதைப் பொறுத்து, டமாக்ஸிஃபெனுக்குப் பதில், உடம்பில் ஈஸ்ட்ரோஜன் உருவாவதையே குறைக்கும் லெட்ரோசோல் வகை மாத்திரைக்கு மாற்றலாமா என்றும் டாக்டர் யோசிப்பார். அதற்கு முன் சினைப்பை நிஜமாகவே ஓய்ந்துவிட்டதா என்று ரத்தத்தில் பார்க்க வேண்டும். கீமோவில் நின்ற மாதவிலக்கை மட்டும் நம்பி மாற்றக் கூடாது. அந்த வகைக்கு மூட்டு வலி, எலும்புத் தேய்மானம் என்று அதற்கே உரிய தொல்லைகள் உண்டு.

டாக்டரிடம் சொல்வது

திட்டினால் திட்டட்டும், ஆனால் சொல்லாமல் இருக்காதீர்கள். என் அறைக்கு வரும் பெண்களில் எத்தனையோ பேர் கதவுவரை போய்விட்டுத் திரும்பி வந்து, "டாக்டர், நான் ஒரு சூரணமும் சாப்பிடுகிறேன், சொல்லவில்லை" என்று மெல்லிய குரலில் சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்ட பிறகு எழுதிய சீட்டைக் கிழித்துவிட்டு வேறு எழுதியதும் உண்டு. உங்கள் டாக்டர் இரண்டு நிமிஷத்தில் அனுப்பிவிடுகிறவர் என்றால், ஒரு தாளில் நாலு வரி எழுதிக் கையில் கொடுங்கள்: எந்தத் தேதியில் ரத்தம் பட்டது, எத்தனை நாள் மாத்திரை விட்டது, லேகியமும் கேப்ஸ்யூலும் எப்போதிலிருந்து, பிரஷர் எவ்வளவு. காது கொடுக்கவே இல்லை என்றால் இன்னொரு புற்றுநோய் மருத்துவரிடம் கருத்துக் கேட்பது உங்கள் உரிமை. அதற்கு உங்கள் பழைய மருத்துவக் குறிப்புகள் வேண்டும் என்று எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி, தயங்காமல் கேளுங்கள்.

லேகிய டப்பாவையும் கேப்ஸ்யூல் பாட்டிலையும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். மூடியை இறுக்கி, அந்த நோட்டீஸையும் மடித்து, ஒரு துணிப்பையில் போட்டு ஸ்கேனுக்குப் போகும்போது எடுத்துச் செல்லுங்கள். நாத்தனாரையும் கூட அழைத்துப் போங்கள். அவர் உங்கள் மேல் அக்கறை உள்ளவர், டாக்டர் சொல்வதை நேரில் கேட்டால் நல்லது. திசு ரிப்போர்ட் வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், காத்திருக்கிறேன்.